முன்குரலும் துணைக்குரல்களும்

(பத்தாம் வகுப்புப் பாடற்குழு மாணவியர்)

ஒரு கை தட்டினால் ஓசை எழுமா என்று கேட்பார்கள் நம் பெரியவர்கள். எழாது என்று நாமும் உடனே சொல்லிவிடுவோம். ஆனால் பாட்டுக் குழு என்று வந்துவிட்டால் அந்த விடை நமக்கு அவ்வளவு நிச்சயமாகத் தோன்றுவதில்லை. இருபது பேர் சேர்ந்து பாடுகிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், "அந்தப் பெண் எவ்வளவு நன்றாகப் பாடினாள்!" என்று ஒருத்தியைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் மற்றப் பத்தொன்பது பேர் எதற்கு? அந்த ஒருத்தி போய்விட்டால் குழு என்ன ஆகும்?

இந்தக் கேள்வி எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சென்ற ஆண்டு எங்கள் பாடற்குழுவிலேயே எழுந்தது. அதற்கு விடை தேடப் போன இடத்தில் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை நம் ஆண்டு மலர் வழியாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பள்ளிகளுக்கிடையிலான சேர்ந்திசைப் போட்டிக்கு மூன்றே வாரங்கள் இருந்தன. அப்போதுதான் எங்கள் குழுவின் முன்குரலாக இருந்த தோழியின் தந்தைக்கு வெளியூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை நாங்கள் இன்னொரு தோழியைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தினோம். "அவள் பாடியது போலவே பாடு, அது போதும்" என்றோம். அவளும் முயன்றாள். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. மறுபடியும் பாடினாள், மறுபடியும் உடைந்தது. எங்களில் சிலர் அவள் காதில் விழும்படியே, "என்ன இருந்தாலும் அவளைப் போல வருமா!" என்று சொல்லிவிட்டோம். மறுநாள் பயிற்சிக்கு அவள் வரவில்லை.

போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, எங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தரும் சகோதரியிடம் போய் நின்றோம். அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. இசை அறையின் மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பழைய இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு தட்டைத் துடைத்துச் சுழலவிட்டார்கள். கிதார் ஒலித்தது. பிறகு ஒரு பெண்குரல் வந்தது. தெளிந்த நீரோடை போன்ற குரல். ஒரு சொல்கூட மங்காமல் காதில் விழுந்தது. "இது யார் சிஸ்டர்?" என்றோம். "இப்போது நீங்கள் கேட்ட கேள்வியில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதியை நீங்களே தேடுங்கள்" என்றார்கள்.

அந்தக் குரலுக்குரியவர் ஜூடித் டர்ஹாம். குழுவின் பெயர் 'தி சீக்கர்ஸ்'. 'தேடுவோர்' என்று பொருள்.

காப்பிக் கடையில் தொடங்கிய பாட்டு

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் படித்த மூன்று இளைஞர்கள் ஆதல் கை, கீத் பாட்ஜர், புரூஸ் வுட்லி என்போர். இவர்களில் கீத் பாட்ஜர் 1941இல் நமக்கு அண்டையிலுள்ள கொழும்பு நகரில், பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். இம்மூவரும் கென் ரே என்பவரோடு சேர்ந்து 1962இல் ஒரு நால்வர் குழுவாகப் பாடி வந்தார்கள். முன்குரல் கென் ரேயினுடையது. அவர் திருமணத்தை முன்னிட்டுக் குழுவை விட்டு விலகினார். ஆக, சீக்கர்ஸின் கதையே ஒரு முன்குரல் போனதிலிருந்துதான் தொடங்குகிறது!

அவ்வாண்டு டிசம்பரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓர் இளம்பெண் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தாள். வயது 19. பியானோ முறையாகப் பயின்றவள். மாலை வேளைகளில் ஜாஸ் குழுக்களோடு பாடுகிறவள். அதே அலுவலகத்தில்தான் ஆதல் கை வேலை பார்த்தார். "இன்றிரவு நாங்கள் காப்பிக் கடை ஒன்றில் பாடுகிறோம், நீயும் வருகிறாயா?" என்று அவர் அழைக்க, அவளும் போனாள். அவள்தான் ஜூடித்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஜூடித்துக்கு நான்கு வயதில் தட்டம்மை கண்டது. அதன் விளைவாக நுரையீரலில் ஏற்பட்ட நோய் ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை. பாடுகிறவர்களுக்கு மூச்சுத்தான் முதல். அந்த முதலிலேயே குறைவு இருந்தும் அவர் பாடினார். சளி பிடித்தால் பயிற்சிக்கு வராமல் இருந்துவிடும் எங்களுக்கு இதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

பாட்டு குரலைத் தேடிற்று, குரல் பாட்டைத் தேடிற்று

1964இல் நால்வரும் ஃபேர்ஸ்கை என்னும் கப்பலில் பயணிகளுக்குப் பாடிக்கொண்டே இங்கிலாந்து சென்றார்கள். பத்து வாரம் ஊர் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். ஆனால் அங்கே டாம் ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் பாடலாசிரியரைச் சந்தித்தார்கள்.

டாமின் நிலையும் அப்போது எங்கள் நிலையைப் போன்றதுதான்! அவர் தம் தங்கை டஸ்டியோடு சேர்ந்து 'தி ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ்' என்ற மூவர் குழுவை நடத்தி வந்தார். 1963இல் டஸ்டி தனியாகப் பாடப் போய்விட்டதால் அந்தக் குழு கலைந்தது. டாமிடம் மெட்டுகள் இருந்தன. பாட ஏற்ற குழு இல்லை. சீக்கர்ஸிடம் குரல்கள் இருந்தன. தங்களுக்கென்று ஒரு பாட்டு இல்லை. இரண்டும் சந்தித்தன.

விளைவு என்ன? டாம் எழுதிய 'ஐல் நெவர் ஃபைண்ட் அனதர் யூ' என்ற பாடல் 1965 பிப்ரவரியில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில், பழைய ரஷ்ய நாட்டுப்பாடல் மெட்டைத் தழுவி டாம் அமைத்த 'தி கார்னிவல் இஸ் ஓவர்' மறுபடியும் முதலிடம் பெற்றது. பிரிட்டனில் மட்டும் அந்த இசைத்தட்டு 10 லட்சத்துக்கு மேல் விற்றது. 1966இல் வெளிவந்த 'ஜார்ஜி கேர்ள்' என்னும் திரைப்படத்துக்குப் பாடிய பாடல் அமெரிக்கா வரை சென்று, ஆஸ்கார் பரிசுக்குரிய பாடல்களின் வரிசையிலும் இடம்பெற்றது.

1967 மார்ச்சில் அவர்கள் தாயகம் திரும்பி, மெல்போர்னில் திறந்தவெளி அரங்கு ஒன்றில் பாடினார்கள். கேட்கக் கூடியவர்கள் சுமார் 2 லட்சம் பேர். அன்றைய மெல்போர்ன் மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் அங்கே இருந்தார் என்று கணக்கிடலாம்! அவ்வாண்டுக்குரிய 'ஆஸ்திரேலியர்' என்ற சிறப்பும் நால்வருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஒருவருக்கு மட்டும் வழங்காமல் நால்வருக்கும் வழங்கியதை நாங்கள் கோடிட்டு வைத்துக்கொண்டோம்.

குரலுக்கு முகம் உண்டு

ஒரு குரல் ஏன் தனியாக நிற்கிறது? வீணையில் ஒரு ஸ்வரத்தை மீட்டுகிறோம். அதே ஸ்வரத்தைப் புல்லாங்குழலிலும் வாசிக்கிறோம். சுருதி ஒன்றுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் இது வீணை, இது குழல் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? காரணத்தை நம் இயற்பியல் பாடம் சொல்கிறது. எந்த ஒலியும் தனி ஒலியாக வருவதில்லை. அடிப்படைச் சுரத்தோடு பல மேற்சுரங்களும் கலந்தே வருகின்றன. அவற்றில் எது ஓங்குகிறது, எது அடங்குகிறது என்பதைப் பொறுத்தே ஒலியின் பண்பு அமைகிறது.

மனிதக் குரலும் அப்படியே. குரல்நாண்கள் அதிர்கின்றன. அந்த அதிர்வு தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் உட்குழிவுகள் வழியாக வெளிவருகிறது. இக்குழிவுகளின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் குரலும் வேறுபடுகிறது. தொலைபேசியில் "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே அம்மாவை அடையாளம் கண்டுகொள்கிறோமே, அது இதனால்தான். ஆக, குரல் என்பது காதுக்குத் தெரியும் முகம்.

கடைவீதியில் போகும் ஒருவர், எங்கோ ஒரு வானொலியில் இரண்டு விநாடி கேட்டதுமே, "இது அவர்கள் பாட்டு" என்று நிற்க வேண்டும். இந்த அடையாளத்தைக் குழுவுக்குத் தருவது முன்குரல். ஜூடித்தின் குரலில் அந்த முகம் இருந்தது. அதிர்வு மிகாத நேரான ஒலி. சொற்களைத் தேய்க்காத உச்சரிப்பு. நூறு குரல்களுக்கு நடுவிலும் அதைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் முகம் மட்டும் தனியாக நடந்து வருமா? உடம்பு வேண்டாமா? சகோதரி எங்களை அந்தத் தட்டை மறுபடி கேட்கச் சொன்னார்கள். "இந்தத் தடவை ஜூடித்தைக் கேட்காதீர்கள். மற்ற மூவரை மட்டும் கேளுங்கள்." அப்போதுதான் நாங்கள் ஒன்றைக் கண்டோம். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் என்று எவரும் இல்லை. ஆதல் கையின் பெரிய பேஸ் வயலினே தாளத்தையும் தாங்குகிறது. கீத் பாட்ஜரின் பன்னிரண்டு தந்திக் கிதார் ஜமுக்காளம் விரித்தது போல் அடியில் பரவுகிறது. மூன்று ஆண்குரல்களும் கீழே ஒன்றோடொன்று இணைந்து நிற்க, பெண்குரல் மேலே தனி வெளியில் உலவுகிறது. மூவரும் அவர் எல்லைக்குள் ஏறிப் போட்டியிடுவதே இல்லை. அதே சமயம் ஒதுங்கிப் போய்விடவும் இல்லை. ஜூடித்தின் குரல் அவ்வளவு உயரமாகத் தெரிவதற்கு, கீழே மூவர் தரையைச் சமன் செய்து வைத்திருப்பதும் ஒரு காரணம். இதை முதல் தடவை கேட்டபோது நாங்கள் கவனிக்கவேயில்லை. நன்றாகப் பாடும் துணைக்குரலின் இலக்கணமே அதுதான் போலும்!

குரல் பிரிந்த பின்

1968 பிப்ரவரியில் ஜூடித், தாம் விலகப் போவதாகத் தம் குழுவினரிடம் தெரிவித்தார். தனியாகப் பாட வேண்டும், புதியன முயல வேண்டும் என்பது அவர் ஆவல். உடனே விட்டுவிட்டுப் போகவில்லை. ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை எல்லாம் முடித்துக் கொடுத்தார். அவ்வாண்டு ஜூலையில் பி.பி.சி. தொலைக்காட்சியில் பிரிவு நிகழ்ச்சி நடந்தது. அதோடு குழு கலைந்தது.

முன்குரல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இனி வருவதுதான் உண்மையான சோதனை. குரல் ஒரு பக்கம், குழு ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. எந்தப் பக்கம் வெற்றி போயிற்று?

முதலில் குழுவின் பக்கம் பார்ப்போம். ஆதல், புரூஸ், கீத் மூவரும் 1975இல் மறுபடி ஒன்றுகூடினார்கள். லூயிசா விஸ்ஸலிங் என்ற பாடகி முன்குரலானார். நல்ல குரல், ஆஸ்திரேலியாவில் வரவேற்பும் கிடைத்தது. ஆனால் 1965இல் உலகைச் சுற்றி வந்த அந்த அலை திரும்பவில்லை. 1988இல் ஜூலி ஆண்டனி என்ற புகழ்பெற்ற பாடகி அந்த இடத்தில் நின்று பாடினார். அப்போதும் அப்படியே. பாடகியர் மீது குறை ஒன்றுமில்லை. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் இவர்களுக்குள் ஜூடித்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, குரலின் பக்கம் பார்ப்போம். ஜூடித் குழுவில் இருக்கும்போதே, 1967இல், 'தி ஆலிவ் ட்ரீ' என்ற பாடலைத் தனியாகப் பாடி வெளியிட்டார். குரல் அதே குரல். பாட்டை ஆக்கியதிலும் அதே டாம் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பங்குண்டு. ஆயினும் பிரிட்டன் பட்டியலில் அது முதல் முப்பது இடங்களுக்குள்கூட வரவில்லை. பின்னாளில் அவர் தம் கணவரான பியானோக் கலைஞர் ரான் எட்ஜ்வொர்த்தோடு சேர்ந்து ஜாஸ் பாடினார். அவருக்குப் பிடித்த இசை அது; மனநிறைவோடு பாடினார். ஆனால் சீக்கர்ஸுக்குக் கிடைத்த பெரும் வெற்றி தனியாகப் பாடிய அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

ஆக, குரலை இழந்த குழு பழைய உயரத்தை எட்டவில்லை. குழுவைப் பிரிந்த குரலும் எட்டவில்லை. வெற்றி இரண்டுக்கும் நடுவில் இருந்திருக்கிறது!

இதற்கு மாறான சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாமின் தங்கை டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட், குழுவை விட்டுப் போனபின் முன்னைவிடப் பெரும் புகழ் பெற்றார். தனியே ஒளிரும் குரல்களும் உண்டு. தனி முன்குரலே இல்லாமல் உலகை ஆண்ட குழுவும் உண்டு. பீட்டில்ஸ் குழுவில் நால்வருமே முன்னின்று பாடினார்கள். ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் மிகுதியாகப் பாடினாலும், ஒரு குரலே பீட்டில்ஸ் என்று எவரும் சொல்வதில்லை. அவர்களுக்கு முகமாக இருந்தவை அவர்களே எழுதிய பாடல்கள். ஆகவே, குழுவுக்கு ஒரு முகம் வேண்டும் என்பது விதி. அது குரலாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதியன்று.

கீத் பாட்ஜர் செய்த புத்திசாலித்தனம்

இப்போது நம் கொழும்புக்காரருக்கு வருவோம். குழு கலைந்த மறு ஆண்டே, 1969இல், கீத் பாட்ஜர் லண்டனில் 'நியூ சீக்கர்ஸ்' என்ற புதிய குழுவை உருவாக்கினார். அவர் இரண்டாவது ஜூடித் ஒருவரைத் தேடி அலையவில்லை. குழுவின் அமைப்பையே மாற்றினார். இரண்டு பெண்கள், மூன்று ஆண்கள். ஈவ் கிரகாம், லின் பால் என்ற இருவரும் மாறி மாறி முன்குரல் பாட, சில பாடல்களில் எல்லாக் குரல்களும் சேர்ந்தே முன்னே வந்தன.

1971இல் ஒரு குளிர்பான விளம்பரத்துக்காகப் பிறந்த மெட்டை அவர்கள் முழுப் பாடலாகப் பாடினார்கள். உலகுக்கே பாடக் கற்றுக்கொடுக்க விரும்புகிறேன் என்ற பொருளில் அமைந்த அந்தப் பாட்டு 1972 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பெற்று, 10 லட்சத்தைத் தாண்டி விற்றது. எண்ணிப் பாருங்கள்: பலர் சேர்ந்து பாடுவதைப் பற்றிய பாட்டு, அதைப் பாடியதும் பல குரல். இருந்த குரல்களுக்கு ஏற்ற பாட்டு அமைந்தது. அதனால் பாட்டு நிலைத்தது. அவ்வாண்டு யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலும் அக்குழு இரண்டாம் இடம் பெற்றது.

இதைப் படித்தபோதுதான் எங்கள் தவறு எங்களுக்கு விளங்கிற்று. போன குரலுக்கு நகல் எடுக்க முயன்றோம். நகலுக்கு முகம் இருக்காது. புதிதாக வந்தவளுக்கும் ஒரு சொந்தக் குரல் இருக்கிறது என்பதையே மறந்து, அவளை இன்னொருத்தியின் சட்டைக்குள் திணிக்கப் பார்த்தோம். சட்டை கிழிந்ததும் அவளைக் குறை சொன்னோம்.

நால்வரும் மறுபடி

சீக்கர்ஸின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 1990இல் ஜூடித் ஒரு கார் விபத்தில் படுகாயமடைந்தார். அப்போது அவர்மீது மக்கள் காட்டிய அன்பு, நால்வரையும் மறுபடி சேர்ந்து பாடத் தூண்டியது. பிரிந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1993இல் அதே நால்வர் மேடையேறினார்கள். அரங்குகள் நிரம்பி வழிந்தன. தலை நரைத்திருந்தது; ஆனால் மேலே அந்த ஒரு குரலும் கீழே அந்த மூன்று குரல்களுமாக இசை அப்படியே இருந்தது.

2013இல் குழுவின் பொன்விழாப் பயணத்தின்போது ஜூடித்துக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. எழுதப் படிக்கும் ஆற்றல் பாதிக்கப்பட்டது. இசைக்குறிப்பைப் படிக்கவும் இயலாமற் போயிற்று. பாடும் ஆற்றல் மட்டும் போகவில்லை. மறுபடி எழுத்துகளைப் பயின்றார். 2014இல் லண்டன் சென்று, விட்டுப் போன நிகழ்ச்சிகளையும் அந்த நால்வருமாக முடித்துக் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்டு 5ஆம் நாள், தம் 79ஆம் வயதில், குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து வந்த அந்த நுரையீரல் நோயால் ஜூடித் காலமானார். அதற்குச் சில நாள்களுக்கு முன், ஜூலை இறுதியில், டாம் ஸ்பிரிங்ஃபீல்டும் மறைந்திருந்தார். பாட்டு தேடிய குரலும், குரல் தேடிய பாட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே விடைபெற்றன.

எங்கள் குழுவுக்கு வருவோம்

இவ்வளவும் தெரிந்துகொண்ட பின் நாங்கள் முதலில் செய்த வேலை, பயிற்சிக்கு வராதிருந்த தோழியின் வீட்டுக்குப் போனது. மன்னிப்புக் கேட்பது எளிதாக இல்லை. வாசலில் யார் முதலில் பேசுவது என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம். அவளுடைய அம்மாதான், "உள்ளே வாங்கம்மா, வெயிலில் ஏன் நிற்கிறீர்கள்?" என்று அழைத்து மோர் கொடுத்தார்கள். மோர் குடித்த பிறகு பேச்சு வந்தது.

மறுநாள் சகோதரி அவளிடம், "நீ உனக்கு வசதியான சுருதியில் பாடு அம்மா" என்றார்கள். பாடினாள். இரண்டு கட்டை கீழே இறங்கியதும் அவள் குரல் உடையவில்லை. அழுத்தமாக, வெல்லப்பாகு போல வந்தது. இத்தனை நாள் அவள் பின்வரிசையில் நின்றதால் எங்களுக்குத் தெரியாமலே இருந்த குரல் அது. பாட்டின் சுருதியை இறக்கினோம். மேலே போகும் வரிகளை இன்னொருத்திக்குப் பிரித்துக் கொடுத்தோம். பின்வரிசையினர், முன்குரல் பாடும்போது சத்தத்தைக் குறைத்து, அவள் மூச்சு வாங்கும் இடங்களில் தாங்கிப் பிடிக்கப் பழகினோம். சீக்கர்ஸின் மூவரைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது.

போட்டியில் எங்களுக்கு முதற்பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை, மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. ஆனால் கீழே இறங்கியதும் ஒரு தாய் வந்து, "நடுவில் ஒரு பெண் பாடினாளே, அவள் யார்?" என்று கேட்டார்கள். நாங்கள் பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் அவளைச் சுட்டிக்காட்டினோம். அப்போது எங்களுக்குப் பொறாமை வரவில்லை. அந்தக் குரலுக்குக் கீழே தரை அமைத்தவர்கள் நாங்கள் அல்லவா!

ஆகவே, அன்பார்ந்த தோழியரே, முன்குரல் எவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால் நாங்கள் சொல்லும் விடை இது: மிகவும் முக்கியம். அது இல்லாவிட்டால் குழுவை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் திரும்பிப் பார்த்தவர் நின்று கேட்பது முன்குரலுக்காக மட்டும் அன்று. பொருத்தமான பாட்டும், இடம் விட்டுத் தாங்கும் துணைக்குரல்களும் சேர்ந்தால்தான் அவர் நிற்பார். முன்குரல் போய்விட்டால், அதன் நகலைத் தேடாமல், அடுத்து இருக்கும் குரலின் முகத்தைக் கண்டுபிடிப்பதே வழி.

மாற்றலாகிப் போன தோழி சென்ற மாதம் தொலைபேசியில் பேசினாள். புதிய பள்ளியிலும் பாடற்குழுவில் சேர்ந்திருக்கிறாளாம். "முன்குரல்தானே?" என்று கேட்டோம். "இல்லையடி, இங்கே என்னைவிட நன்றாகப் பாடுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். நான் பின்வரிசையில் நிற்கிறேன்" என்றாள். சற்று நேரம் எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பின்வரிசையில் எப்படிப் பாடுவது? எனக்கு அது பழக்கமே இல்லை, சொல்லித் தாருங்கள்" என்று அவளே கேட்டாள்.

தொலைபேசியைக் கைமாற்றிக் கைமாற்றி, எல்லாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.